ராத்திரி 11 மணிய ஆப் 'பிற்பகல் 11:00'னு காட்டுது, தமிழ்ல நேரம் ஒழுங்கா வர என்ன செய்யலாம்?

தேக்கா_டீ:

வணக்கம் மக்களே. ஒரு கோயில் தொண்டூழியர் குழுவுக்கு ஷிஃப்ட் போடுற வெப் ஆப் ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கேன், காசுக்கு இல்ல, சும்மா சனி ஞாயிறுல உக்காந்து செஞ்சது. தைப்பூசம், தீமிதி மாதிரி பெரிய நாள்ல யாரு தண்ணிப்பந்தல்ல நிக்கிறது, யாரு சமையல்கட்டு, யாரு கூட்டத்த ஒழுங்குபடுத்துறதுன்னு அவங்கவங்களே போன்ல பாத்து பேர் குடுத்துக்கலாம். இங்கிலீஷ்ல ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா பேர் குடுக்குறவங்கள்ல பாதிப்பேர் அறுபது தாண்டுன ஆன்ட்டிங்க, அங்கிளுங்க, தமிழ்லதான் வேணும்னு கேட்டாங்க, சரின்னு மொழிய மாத்துனா வார்த்தையெல்லாம் அழகா வந்துருச்சு, நேரம் மட்டும் கூத்தடிக்குது.

ராத்திரி 11 மணி ஷிஃப்ட் 'பிற்பகல் 11:00'. விடியக்காலம் 1 மணி 'முற்பகல் 1:00'. ஒரு ஆன்ட்டி நேராவே கேட்டுட்டாங்க, "ஏன்பா, பிற்பகல்னா சாப்புட்டு எந்திரிக்கிற நேரம், அதுல பதினோரு மணி எங்கருந்து வந்துச்சு?" சரின்னு முற்பகலுக்குப் பதிலா காலை, பிற்பகலுக்குப் பதிலா மாலைன்னு போட்டுப் பாத்தேன், 'மாலை 11:00', 'காலை 12:30'னு வந்து நிக்குது. நடுராத்திரி பன்னண்டரைய காலைன்னு சொன்னா யாரு ஒத்துக்குவாங்க.

ரியாக்ட்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரில செஞ்சது, லொகேல், அதாவது எந்த மொழி எந்த நாடுங்கிற செட்டிங், தமிழ்-சிங்கப்பூர்னு சரியாத்தான் குடுத்திருக்கேன். நம்ம ஆளுங்க பேசுற மாதிரி காலை, மதியம், ராத்திரின்னு தானா வர்றதுக்கு ஏற்கனவே ஏதாவது வழி இருக்கா, இல்ல நானே எழுதணுமா? 'மணி', 'மணிக்கு' இதெல்லாம் எங்க ஒட்டுறது? எஸ்எம்எஸ்ல ஞாபகப்படுத்துறதும் இதே வரியத்தான் அனுப்புது, அதனால தப்பா போனா ஆள் வராது.


ஈசூன்காரன்:

24 மணி நேரத்துல போட்டுட்டா வேல முடிஞ்சுது. 2300, 0100. ஏஎம் பிஎம்மும் வேணாம், காலை மாலையும் வேணாம். என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, போன எவனுக்கும் இது புரியும்.


தேக்கா_டீ:

அண்ணே, சமையல்கட்டுல இருக்குற ஆன்ட்டிங்க யாரும் என்எஸ் போகல :) 2300ன்னு போட்டா ஏதோ டோக்கன் நம்பர்னு நெனச்சுக்குவாங்க.


பரோட்டா_பைட்:

ஈசூன் அண்ணன் சொல்றது ஒரேயடியா தப்பில்ல. லொகேல் டேட்டாவுலயே இலங்கைத் தமிழுக்கு 24 மணி நேரம்தான் டீஃபால்ட், இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூணுக்கும்தான் 12 மணி நேரம். ஆனா இங்க உள்ளவங்களுக்கு அது சரிப்படாதுன்னா விட்டுருங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பிரவுசர், ஆண்ட்ராய்டு, ஐஃபோன், ஜாவா எல்லாம் இந்த நேர வார்த்தைகள ஒரே கிணத்துலருந்துதான் எறைக்குது, யூனிகோடு கூட்டமைப்பு நடத்துற சிஎல்டிஆர்ங்கிற டேட்டா. அதுல நேரத்தோட ஃபார்மட்ட எழுத்து எழுத்தா எழுதுவாங்க. இங்கிலீஷ் சின்ன எழுத்து 'ஏ' போட்டா நாள ரெண்டா வெட்டும், பன்னண்டுக்கு முன்னாடி, பின்னாடி, அவ்வளவுதான், அதுக்குத் தமிழ்ல குடுத்து வச்ச பேருதான் முற்பகல் பிற்பகல். புதுசா வர்ற வெர்ஷன் சிலதுல அந்த எடத்துல வெறும் ஏஎம் பிஎம்மே வரும், அதனால உங்க போன்ல ஒண்ணும் ஆன்ட்டி போன்ல ஒண்ணும் தெரிஞ்சா ஆச்சரியப்படாதீங்க. சின்ன 'பி' போட்டா அதோட நண்பகல், நள்ளிரவு ரெண்டும் சேரும். பெரிய 'பி' போட்டாத்தான் அந்தந்த மொழிக்காரங்க நாள எப்படிப் பிரிக்கிறாங்களோ அப்படி வரும். உங்களுக்கு வேண்டியது இந்தப் பெரிய 'பி'.

ஜாவாஸ்கிரிப்ட்ல நேரடியா அந்த எழுத்த எழுத வேண்டியதில்ல, நேரத்த எழுதிக் குடுக்குற இன்ட்டல் டேட்டைம்ஃபார்மட்ல 'டேபீரியட்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு, லாங்னு குடுங்க, 12 மணி நேர முறையில இருந்தாத்தான் வேல செய்யும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல எல்லாம் 2021லயே வந்துருச்சு, ஜாவாவுல 16வது வெர்ஷன்லருந்து இருக்கு. ரொம்பப் பழைய போன் வச்சிருக்குற ஆன்ட்டிக்கு மட்டும் வராது, அங்க பழைய மாதிரியே காட்டும்.

தமிழுக்கு அதுல இருக்குற பிரிவு இதுதான்: 3லருந்து 5 அதிகாலை, 5லருந்து 12 காலை, 12லருந்து 2 மதியம், 2லருந்து 4 பிற்பகல், 4லருந்து 6 மாலை, 6லருந்து 9 அந்தி மாலை, 9லருந்து விடியக்காலம் 3 வரைக்கும் இரவு. சரியா 12 அடிக்கிறப்ப மட்டும் பகல்ல நண்பகல், ராத்திரியில நள்ளிரவு. போட்டுப் பாத்துட்டு வாங்க.


தேக்கா_டீ:

போட்டேன் ப்ரோ, ரொம்ப நன்றி, 'இரவு 11:00' வந்துருச்சு, 'மதியம் 1:00' வந்துருச்சு, ஆனா ராத்திரி எட்டரை ஷிஃப்ட் பாருங்க, அப்படியே ஒட்டுறேன்:

'அந்தி மாலை 8:30 பாத்திரம் கழுவும் பிரிவு'

வீட்ல படிச்சுக் காமிச்சேன், எங்கம்மா சிரிப்ப அடக்க முடியாம உள்ள போய்ட்டாங்க. ரெண்டு குண்டா சாம்பார் பாத்திரத்துக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்கு அந்தி மாலையாம். எட்டரைக்கு இங்க நல்லா இருட்டிருக்கும், யாரும் அத மாலைன்னே சொல்ல மாட்டாங்க, அந்திய விடுங்க.


செம்பவாங்_மலர்:

நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன், அறிவிப்பு, துண்டுப்பிரசுரம் இந்த மாதிரி. எட்டரைய அந்தி மாலைன்னு போட்டா சிரிச்சுட்டுப் போய்டுவாங்க தம்பி, ஆள் கரெக்டா வந்துருவாங்க. உங்க ஆப்ல உண்மையான ஆபத்து வேற எடத்துல இருக்கு. நடுராத்திரிக்கு அப்புறம் 1 மணிக்கு என்ன காட்டுது? பரோட்டா சொன்ன கணக்குப்படி 'இரவு 1:00'னு வரணும். அதுக்கு முன்னாடி கிழமையும் இருக்கும்ல, 'புதன்கிழமை இரவு 1:00'னு. இத ஒரு பெரியவங்க எப்படிப் படிப்பாங்க? புதன்கிழமை பொழுது சாஞ்சு, சாப்புட்டு, டிவி பாத்துட்டு, அதுக்கப்புறம் வர்ற 1 மணின்னுதான் படிப்பாங்க. கம்ப்யூட்டருக்கு அது செவ்வாய் ராத்திரி. முழுசா ஒரு நாள் தள்ளிப்போச்சு.

இதுல பெரியவங்க மேல தப்பே இல்ல. நம்ம பழக்கத்துல நாள் மாறுறது பொழுது விடியிறப்பத்தான், பஞ்சாங்கத்துல கிழமை கணக்கே சூரிய உதயத்துலருந்துதான். 'செவ்வாய்க்கிழமை ராத்திரி'ன்னா புதன் பொழுது விடியிற வரைக்கும் அது செவ்வாய்தான். கடிகாரம் நடுராத்திரியிலயே தேதியக் கிழிச்சுடுது.

அதனால நாங்க வேலையில வச்சிருக்குற வழக்கம், நள்ளிரவு தாண்டுனா 'இரவு'ங்கிற சொல்லையே தொடுறதில்ல. 1 மணியானாலும் 'அதிகாலை 1 மணி'தான், தமிழ்ப் பத்திரிகைகள்லயும் அப்படித்தான் போடுறாங்க பாருங்க. 'புதன்கிழமை அதிகாலை 1 மணி'ன்னா புதன் விடியிறதுக்கு முன்னாடின்னு யாருக்கும் சந்தேகம் வராது. முக்கியமான விஷயமா இருந்தா ரெண்டு கிழமையும் சேத்துப் போட்டுருவோம், 'செவ்வாய் நள்ளிரவு தாண்டி, புதன்கிழமை அதிகாலை 1 மணி'. நீளம்தான், ஆனா ஃபோன் பண்ணிக் கேக்குற ஆள் கொறஞ்சுடுவாங்க.


தேக்கா_டீ:

அக்கா நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு!! போன தடவ ஒரு ஆன்ட்டி புதன் 1 மணி ஷிஃப்ட்டுக்கு புதன் ராத்திரி பன்னண்டரைக்கு டாக்ஸி புடிச்சு வந்து எறங்குனாங்க, எல்லாம் முடிஞ்சு கழுவி விட்டு பந்தலே பிரிச்சாச்சு. நாங்க அவங்க மறந்துட்டாங்கன்னு நெனச்சோம். இப்பத்தான் புரியுது அவங்க படிச்சது ஆப்ல இருந்தத விட நியாயமா இருந்துச்சுன்னு. தைப்பூசத்துக்குப் பாதி ஷிஃப்ட் இந்த நேரத்துலதான் வரும், நள்ளிரவுலருந்து ஊர்வலம், அதோட இங்க அது பொது விடுமுறையும் இல்ல, 1968லேயே பட்டியல்லருந்து எடுத்தாச்சு, அதனால வேலைக்குப் போறவங்க ராத்திரி ஷிஃப்ட்டத்தான் கேட்டு வாங்குவாங்க.


ஜூரோங்_அங்கிள்:

படிச்சேன் தம்பிங்களா. அந்தி மாலை ஏன் சிரிப்பா இருக்குன்னு ஒரு விஷயம் சொல்றேன். நம்ம ஊர் கடிகாரமே சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால ஓடுது. சிங்கப்பூர் இருக்குற எடத்துக்கு நியாயமா 7 மணி நேர வித்தியாசம்தான் வரணும், கிரீன்விச்சுலருந்து சொல்றேன், நாம வச்சிருக்குறது 8. அதனாலதான் இங்க பொழுது விடியிறது ஏழு மணி வாக்குல, சாயுறதும் ஏழு மணி வாக்குல, வருசம் பூரா அப்படித்தான், கால் மணி நேரம் முன்னப் பின்ன. சென்னையில டிசம்பர்ல ஆறு மணிக்கெல்லாம் விளக்கு வச்சுடுவாங்க. அங்க 'ராத்திரி ஏழு மணி'ன்னு சொல்றது சரி, இங்க ஏழு மணிக்கு புளோக்குக்குக் கீழ புள்ளைங்க பந்து விளையாடிட்டு இருக்கும், அத எப்படி ராத்திரின்றது? இங்க கல்யாணப் பத்திரிகையில 'மாலை 7 மணி'ன்னு போடுறதப் பாத்திருப்பீங்க.

காலையிலயும் அதே கதை. அந்தக் கணக்குல 5லருந்து காலைன்னு இருக்கு, இங்க 5 மணிக்கு கும்மிருட்டு, ஆறு மணிக்கும் இருட்டுத்தான், பள்ளிக்கூடப் புள்ளைங்க இருட்டுலதான் பஸ் ஏறுது.

ராகுகாலமும் இப்படித்தான். திங்கக்கிழமை ஏழரை ஒம்பதுங்கிறது ஆறு மணிக்கு சூரியன் வருதுன்னு வச்ச கணக்கு. இங்க ஏழுக்கு வருதுன்னா எட்டரையிலருந்து பத்து. ஊர்லருந்து வர்ற காலண்டரக் கிழிச்சு வச்சுக்கிட்டு அப்படியே பாக்குறவங்க இன்னும் இருக்காங்க, அது வேற கதை, இங்க வேணாம்.


பரோட்டா_பைட்:

அங்கிள் சொன்னதுதான் முழு விஷயமும். சிஎல்டிஆர்ல தமிழுக்கு இருக்குறது ஒரே ஒரு பிரிவு, திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செங்காங்குக்கும் அதுதான். வட்டாரத்துக்குத் தனியா வைக்க முடியாதுன்னு இல்ல, கொலம்பியா ஸ்பானிஷுக்குத் தனியா வச்சிருக்காங்க, தமிழுக்கு யாரும் கேட்டு வாங்கல. கேட்டாலும் அடுத்த தைப்பூசத்துக்குள்ள உங்க ஆன்ட்டி போனுக்கு வந்து சேராது.

அதனால என் யோசனை, வார்த்தைய நீங்களே வச்சுக்கோங்க, மத்தத லைப்ரரிகிட்ட விடுங்க. நேரத்த எப்பவும் போல யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, சேவ் பண்ணுங்க, காட்டுறப்ப ஏஷியா/சிங்கப்பூர்ங்கிற நேர ஸோனுக்கு மாத்தி மணி, நிமிஷம், கிழமை மூணையும் தனித்தனியா எடுங்க, ஃபார்மட்-டு-பார்ட்ஸ்னு ஒரு ஃபங்ஷன் அதுக்குத்தான் இருக்கு. அப்புறம் மணியப் பாத்து வார்த்தை சொல்ற சின்ன ஃபங்ஷன் ஒண்ணு, இருபது வரி கூட வராது. மலர் அக்கா, அந்த எல்லைகள நீங்க சொன்னா நல்லாருக்கும், எனக்கு மதியத்துக்கும் பிற்பகலுக்கும் நடுவுல எப்பவும் சண்டை.

இன்னொண்ணு, டெஸ்ட் எழுதுறப்ப லைப்ரரி குடுக்குற முழு ஸ்ட்ரிங்க அப்படியே வச்சு ஒப்பிடாதீங்க. 2022ல சிஎல்டிஆர் 42 வந்தப்ப இங்கிலீஷ் நேரத்துல பிஎம்முக்கு முன்னாடி இருந்த சாதாரண ஸ்பேஸ எடுத்துட்டு உடையாத ஒடுங்குன ஸ்பேஸ் ஒண்ணப் போட்டாங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஜாவா 20க்கு மாறுனவங்களுக்கும், நோடு புது வெர்ஷன் போட்டவங்களுக்கும் டெஸ்ட் எல்லாம் சிவப்பா எரிஞ்சுது, பழைய நேரத்தப் படிக்கிற கோடு எல்லாம் படுத்துச்சு, குரோம்காரங்க கடைசில அத மாத்தி பழைய ஸ்பேஸையே திரும்பக் கொண்டாந்தாங்க. இங்கிலீஷுக்கே இந்தக் கதின்னா தமிழ்ல ஒரு வார்த்தை மாறுனா கேக்க ஆளே இல்ல.


செம்பவாங்_மலர்:

எல்லை கேட்டீங்கன்னா நான் வச்சுக்குற கணக்கு: நள்ளிரவு தாண்டுனதுலருந்து 5 வரைக்கும் அதிகாலை. 5லருந்து 12 வரைக்கும் காலை, இருட்டா இருந்தாலும் பரவால்ல, வேலைக்குக் கெளம்புறவங்களுக்கு அது காலைதான். 12லருந்து 2 மதியம், 2லருந்து 4 பிற்பகல். இந்த ரெண்டையும் ஒண்ணாக்கி 4 வரைக்கும் பிற்பகல்னு போட்டாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, ஆனா சாப்பாட்டு நேரத்த பிற்பகல்னு படிக்கிறப்ப ஏதோ அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும். 4லருந்து 7 வரைக்கும் மாலை, அந்த ஏழு மணியையும் மாலையிலயே சேத்துருவேன், அங்கிள் சொன்ன காரணம்தான். ஏழரையிலருந்து இரவு. நடுவுல 7.15க்கு எதுவும் வச்சா என்னன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது, வைக்காதீங்க :)

12 மணிக்கு மட்டும் எப்பவும் முழுசா எழுதுங்க, 'நண்பகல் 12 மணி', 'நள்ளிரவு 12 மணி'. அந்த நள்ளிரவுலயும் கிழமைச் சிக்கல் இருக்கு, 'புதன் நள்ளிரவு 12'ன்னா புதன் ஆரம்பமா முடிவா? நான் பாத்த வரைக்கும் பாதிக்குப் பாதி பிரியும். ஷிஃப்ட்ட 11.45க்கு ஆரம்பிச்சுருங்க, இல்ல 12.15ன்னு வைங்க. நிகழ்ச்சி நடத்துறவங்களே அப்படி மாத்திக்கிட்டா உங்க கோடுக்கு வேலையே இல்ல.

வரிய எப்படி எழுதுறதுன்னா, நேரத்த ஒரு துண்டா எடுத்து பின்னாடி 'க்கு' ஒட்டாதீங்க. '9:30க்கு'ன்னு வரும், அது எழுத்துல நல்லாவா இருக்கு? எந்த இடத்துல வருதோ அதுக்கேத்த முழு வரியா வச்சுக்கோங்க. ஆரம்பம் மட்டும்னா 'இரவு 9.30 மணிக்கு', ஆரம்பமும் முடிவும்னா 'இரவு 9.30 மணி முதல் அதிகாலை 1 மணி வரை'. ரெண்டும் ஒரே பொழுதுல இருந்தா 'காலை 8 மணி முதல் 11 மணி வரை', ரெண்டாவது காலை வேணாம். நிமிஷம் இல்லன்னா '8.00'னு சைபர் போடாதீங்க, '8 மணி' போதும்.


பரோட்டா_பைட்:

அந்த 'முதல் வரை'க்கு லைப்ரரியில ஃபார்மட்-ரேஞ்ச்னு ஒண்ணு இருக்கு, ஒரே பொழுதா இருந்தா ஒரு தடவதான் சொல்லும். ஆனா நடுவுல கோடுதான் போடும், முதலும் வராது வரையும் வராது. அக்கா வரியே நல்லாருக்கு.


கேலாங்_கீபோர்டு:

எஸ்எம்எஸ் பத்தி யாருமே சொல்லலையே. தமிழ் எழுத்து ஒண்ணு உள்ள வந்தாலே மெசேஜ் வேற என்கோடிங்குக்குப் போயிடும், இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான், அதத் தாண்டி ரெண்டு மூணாப் பிரிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் 67. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்தா எண்ணும். 'செவ்வாய்க்கிழமை' மட்டும் 15. 'பிற்பகல்' 8, 'இரவு' 4. மலர் அக்கா சொன்ன ரெண்டு கிழமை வரி அழகா இருக்கு, எஸ்எம்எஸ்ல போட்டா கோயில் பேரும் எடமும் சேர்றதுக்குள்ள ரெண்டாவது மெசேஜ் காசு ஏறிடும். 'செவ்.', 'புத.'னு சுருக்குங்க, இல்ல கிழமையோட தேதியப் போட்டு 'கிழமை'ய விட்டுருங்க.

அப்புறம் அனுப்புற பேர முறைப்படி பதிஞ்சிருக்கீங்களா? 2023 ஜனவரி கடைசியிலருந்து பதியாத பேர்ல போனா மோசடியா இருக்கலாம்னு தலைப்பு போட்டுத்தான் வரும். அந்தத் தலைப்புக்குக் கீழ 'அந்தி மாலை 8:30 வரவும்'னு இருந்தா ஆன்ட்டி போலீசுக்கே போயிடுவாங்க.


வாசிக்கும்_காது:

ஒரு சின்ன விஷயம். தாள்ல 'மாலை 6.30'னு புள்ளி வச்சுத்தான் எழுதுறோம், கம்ப்யூட்டர்தான் ரெண்டு புள்ளி வைக்குது. கண்ணுக்குப் புள்ளிதான் பழக்கம், சரி. ஆனா எங்கப்பாவுக்குக் கண் சரியா தெரியாது, போன்தான் படிச்சுக் காட்டும், புள்ளி வச்சா 'ஆறு புள்ளி மூணு சைபர்'னு வெல சொல்ற மாதிரி படிக்குது. திரையில புள்ளியே இருக்கட்டும், உள்ள ஏரியா-லேபல்ல, அதான் போன் படிச்சுக் காட்டுறதுக்குன்னு வைக்கிற மறைவான வரியில, மட்டும் வாயால சொல்ற மாதிரி 'மாலை ஆறரை மணி'ன்னு எழுதி வைங்க. கால், அரை, முக்கால் மூணும் சேந்தா 12 மணிக்கு 36 சொல்லுதான், 'ஆறே கால்', 'ஆறரை', 'ஆறே முக்கால்'னு கையாலயே எழுதிடலாம், ஃபங்ஷன் எழுதப் போனா 'ஒண்ணரை', 'பன்னண்டரை'ல மாட்டிக்குவீங்க. உங்க ஷிஃப்ட் எல்லாம் எப்படியும் கால் மணிக் கணக்குலதான இருக்கும்.


ஈசூன்காரன்:

2300ன்னு போட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேல. சரி சரி, போறேன்.


தேக்கா_டீ:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மலர் அக்கா எல்லைய வச்சு ஃபங்ஷன் எழுதிட்டேன், நள்ளிரவுலருந்து 5க்குள்ள ஆரம்பிக்கிற எந்த ஷிஃப்ட்டுக்கும் திரையில ரெண்டு கிழமையும் வரும், எஸ்எம்எஸ்ல சுருக்கம். நேரத்தத் தேர்வு செய்யிற எடத்துலயும் ஏஎம் பிஎம் பட்டன எடுத்துட்டு அதிகாலை, காலை, மதியம்னு பட்டன் வச்சுட்டேன், முதல்ல பொழுதத் தொட்டா அதுக்குள்ள இருக்குற மணி மட்டும் கீழ விரியும். நேத்து ஒரு ஆன்ட்டிகிட்ட குடுத்துப் பாத்தேன், கண்ணாடி கூடப் போடாம பதிஞ்சுட்டாங்க. ஈசூன் அண்ணே, உங்களுக்காக செட்டிங்ஸ்ல 24 மணி நேரமும் வச்சிருக்கேன்.

ஒரே ஒரு கொசுறு கேள்வி. கமிட்டில இப்ப அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் பதியிறதும் இதுலயே வேணும்ங்கிறாங்க. நட்சத்திரம் தெரியாதவங்களுக்குப் பிறந்த தேதியும் நேரமும் குடுத்தா கணக்குப் போட்டுச் சொல்லணுமாம். சிங்கப்பூர் நேரம்னா பிளஸ் 8ன்னு நேரா கோடுல எழுதிடலாம்ல?


ஜூரோங்_அங்கிள்:

வேணாம் தம்பி! நான் பொறந்தப்ப ஏழரை மணி நேரம்தான். 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொண்ணரை அடிச்சதும் எல்லாரும் கடிகாரத்தப் பன்னண்டுக்குத் திருப்புனோம், தீபகற்ப மலேசியா மாத்துச்சு, நாமளும் கூடவே மாத்துனோம். புத்தாண்டு அரை மணி நேரம் முன்னாடியே பொறந்த வருசம் அது.


பரோட்டா_பைட்:

அங்கிள் சொன்னது சரி. பிளஸ் 8ன்னு எழுதுனா 1982க்கு முன்னாடி பொறந்த எல்லாருக்கும் அரை மணி நேரமாவது தப்பு, அதாவது உங்க தொண்டூழியர் பட்டியல்ல பெரும்பாதி. சந்திரன் ஒரு நட்சத்திரத்தத் தாண்ட ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும், அதனால முக்காவாசிப் பேருக்கு மாறாது, ஆனா எல்லையில பொறந்தவங்களுக்கு நட்சத்திரமே மாறிடும், லக்னம்னா இன்னும் சீக்கிரம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஏஷியா/சிங்கப்பூர்னு ஸோன் பேரக் குடுங்க, உள்ள பழைய கணக்கு பூரா இருக்கு: 1933லருந்து ஏழு மணி இருபது நிமிஷம், 1941 செப்டம்பர்லருந்து ஏழரை, ஜப்பான்காரன் வந்ததும் 1942 பிப்ரவரியிலருந்து டோக்கியோ நேரம் 9, 1945 செப்டம்பர்ல திரும்ப ஏழரை. எண்பது தாண்டுன பாட்டி யாராவது வந்தா அந்த ஒம்பதும் தேவைப்படும்.

இது இங்க பொறந்தவங்களுக்கு மட்டும். ஊர்ல பொறந்து வந்தவங்களுக்கு அந்த ஊர் ஸோன் வேணும், யுத்த காலத்துல இந்தியாவுலயும் ஒரு மணி நேரம் கூட்டி வச்சிருந்தாங்க, இலங்கையில 1996லருந்து 2006 வரைக்கும் வேற கணக்கு ஓடுச்சு. அதனால ஃபார்ம்ல பிறந்த ஊர்னு ஒரு கட்டம் சேத்துருங்க, அத நிரப்பாம அடுத்த பக்கம் போக விடாதீங்க.